சந்தியாகு போட்ட மாடித் தரை

1929 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை காலை. மகள் ரோசலின் கல்யாணத்துக்கு ஒருநாள்தான் பாக்கி. சம்பந்தி வீட்டு மாடிக் கூடத்தில் தான் போட்ட பலகைத் தரை, நடுவில் ஆமை ஓடுபோல் எழும்பி நிற்பதைச் சந்தியாகு பார்த்தார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அன்று முதல் பினாங்குக் கடலோரப் பட்டறையில் சரக்குப் படகு கட்டும் தச்சர். அவர் அடித்த படகில் சொட்டுத் தண்ணீர் கசியாது என்று துறைமுகத்தில் பேர். ஆனால் மகளுக்குப் போட நகை இல்லை. மாப்பிள்ளையின் அப்பா லாரன்ஸ், கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி, ஒரு வழி சொன்னார்: "நகை வேணாம் சம்பந்தி. மாடிக்கு நல்ல மரத்தரை போட்டுக் குடுங்க. விருந்து அதுமேலதான்."

மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன நோன்புக் காலம் தொடங்கிவிடும். அப்புறம் கிறிஸ்துமஸ் முடியும்வரை கல்யாணம் கிடையாது. அதனால்தான் புதன்கிழமை குறித்தார்கள்.

பலகை விற்ற ஹபீப் முகம்மது அப்போதே சொன்னார்: "பலகைய மாடியில அடுக்கி, சன்னலத் தொறந்து வைங்கண்ணே. மூணு வாரம் அந்த வீட்டுக் காத்துக்குப் பழகட்டும். பொறவு அடிங்க. செவரோரம் ஒரு விரல் எடம் விடுங்க."

"முப்பது வருசமா பலகையோட பொரள்றேன். எனக்கே பாடமா?" என்று சந்தியாகு சிரித்தார்.

மூன்று வாரம் எங்கே இருந்தது? சுவரில் பூசிய சுண்ணாம்பே இன்னும் காயவில்லை. வெளியே விடாத மழை. சந்தியாகு சன்னல்களை அடைத்து, ஆறு கரியடுப்பு மூட்டி, எட்டு நாள் அறையைச் சூடேற்றினார். பலகை எலும்பாய்க் காய்ந்து சுருங்கியது. படகுக்குச் செய்வதுபோலவே ஆப்பு வைத்து இறுக்கி, சுவரோடு சுவராக அடித்தார். படகில் பலகை தண்ணீர் குடித்து உப்பினால் இடுக்கு அடையும். அதுதான் அவர் அறிந்த வித்தை. வீட்டில் உப்பினால் பலகைக்குப் போக இடம் வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கரிநெடி போகட்டும் என்று லாரன்ஸ் சன்னல்களைத் திறந்துவிட்டார். பலகை உப்பி எழும்ப இரண்டு நாள் ஈரக்காற்றே போதும்.

"என்னா சம்பந்தி, தரை கேட்டா மலை கட்டிருக்கீங்க?" லாரன்ஸ் வாசலிலேயே நின்றார். "எம்பது பேரு ஒக்காரணுமா, சறுக்கி வெளையாடணுமா?"

"ஈரத்துல உப்பிருச்சு. செவரோரம் அறுத்துவிட்டா எறங்கிடும்."

"எப்ப எறங்கும்?"

சந்தியாகு மண்டியிட்டார். உளியும் ரம்பமுமாக, சுவரோரம் நெடுக இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்தார். மதியம் தாண்டியது. உள்ளங்கை கிழிந்து பலகையில் ரத்தம் பட்டது. மேடு முனகிக்கொண்டு கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். மேலே நான்கு அரிசி மூட்டைகளை ஏற்றினார். இறக்கியதும் பலகை திரும்ப எழும்பியது. வெளியே மழை வலுத்தது.

"விருந்தக் கீழ வச்சுக்கலாம் சம்பந்தி. எங்க வீட்டுல வச்சுக்கலாம். ஒங்க கால்ல வேணா விழுறேன்" என்றார் சந்தியாகு.

"ஒங்க வீட்டுலயா? எங்க ஆபீஸ் தொரை வர்றாரு, தெரியுமில்ல? நகை கேட்டனா, பணம் கேட்டனா? ஒரே ஒரு தரை! எந்திரிங்க. கல்யாணத்தப் புது வருசத்துல பாப்போம்."

பாப்போம் என்றவர் சந்தியாகுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். கதவருகில் நின்ற ரோசலின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "எறங்கிருச்சாப்பா?" என்றாள்.

ஜனவரியில் மழை நின்றது. தரை தானாகவே தணிந்து மட்டமானது. அந்த மாதக் கடைசியில் லாரன்ஸ் தன் மகனுக்குத் தைப்பிங் ஊரில் வேறு பெண் எடுத்தார்.