ஏழாவது குழி

வனவியல் படிக்கிறேன் என்று சொன்னால் துபாயில் யாரும் நம்ப மாட்டார்கள். அல் குசைஸில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் பார்க்கிற ஆன்ட்டிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இங்க எங்கம்மா காடு இருக்கு?" நான் சிரித்துவிட்டு என் மாடி வந்ததும் இறங்கிவிடுவேன்.

காடு இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஜீப்பில் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். மணல்மேடுகளுக்கு நடுவே, நூல் பிடித்து நட்ட மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கறுப்புச் சொட்டுநீர்க் குழாய். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தது, நாக்கில் வைத்தால் கரித்தது. வருடக்கணக்காக அந்த நீரைக் குடித்த மண்ணில் எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. அதற்காகப் பத்து இடங்களில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, அதன் சுவரில் அடுக்கடுக்காக மண் எடுக்க வேண்டும்.

தோண்டுவது நானில்லை. காட்டைப் பராமரிக்கிற ஒப்பந்தக் கம்பெனி எனக்கு ஒரு ஆளைக் கொடுத்திருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும் முதல் நாளே முகம் மலர்ந்துவிட்டது. நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். என்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

"இந்த மரத்த இங்க காஃப்னு சொல்றாங்கல்ல மேடம், இது நம்ம வன்னி. எங்க ஊரு சிவன் கோயில்ல ஒண்ணு நிக்குது" என்றார் ஒருமுறை. மரத்தின் லத்தீன் பெயரை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அது வன்னி என்பது எனக்குத் தெரியாது.

முதல் ஆறு குழிகளும் முறைப்படி தோண்டியவை. ஒரு பக்கச் சுவரை மட்டும் நேராகச் செதுக்கி, மற்ற மூன்று பக்கமும் படி படியாக வெட்ட வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் விதி. நேரான சுவர் படம் எடுப்பதற்கு. அதன் எதிரே நின்றுதான் எல்லாம் செய்வோம், அதற்குக் கீழே ஒருவரும் உட்காரக் கூடாது. பேராசிரியர் சூடான்காரர். குறைவாகப் பேசுவார். நான் பின்தங்கியிருந்ததால், வெயில் காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு இரண்டு குழியாவது பார் என்று சொல்லியிருந்தார்.

ஏழாவது குழி அன்று காலை ஆறரைக்குத் தொடங்கினோம். குழாயை ஒட்டிய இடம் என்பதால் மணல் நல்ல ஈரம். மண்வெட்டி இறங்க இறங்க நான்கு சுவரும் அல்வாவை வெட்டியது மாதிரி வழவழவென்று நின்றன. கழுத்தளவு ஆழத்தில், வெள்ளையாகக் கெட்டிப்பட்ட, கண்ணுக்கே தெரிகிற ஓர் உப்பு அடுக்கு தட்டியது. அதைத்தான் நான் ஆறு குழியாகத் தேடிக்கொண்டிருந்தேன். மேலே நின்று கைதட்டினேன்.

"படி வெட்டிரட்டுமா மேடம்? அரை மணி நேரந்தான் ஆவும்."

"வேணாம் அண்ணா. சுவர் நல்லா நிக்குதே. ஒரு ஃபோட்டோ, அஞ்சு சாம்பிள், முடிஞ்சிடும். அப்புறம் எட்டாவது போயிடலாம்."

அவர் ஒரு நொடி குழியைப் பார்த்தார். சரி மேடம் என்றார்.

படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை. சூரியன் ஏறி சுவர்மேல் விழட்டும் என்று காத்திருந்தோம். ஜீப் நிழலில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தோம். டிரைவர் ஒரு பட்டாணியர். அவருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். பெரம்பலூர் அண்ணன் தன் மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடிய வீடியோவைக் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது.

ஈர மணலைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது மணிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம். அது காய்ந்தால் பிடிப்பு போய்விடும், மணல் தன் இயல்புக்குச் சரிந்துவிடும். இதை நான் முதல் பருவத் தேர்வில் படம் வரைந்து எழுதி, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரமும் வெயில் அந்தச் சுவரைத்தான் காய வைத்துக்கொண்டிருந்தது. நான் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமராவில் பார்த்தபோது குழியின் அடியில் உதிரி மணல் கிடந்தது. வெள்ளை அடுக்கு சரியாகத் தெரியவில்லை.

"அண்ணா, கீழ கொஞ்சம் சுத்தம் பண்ணிடுறீங்களா?"

அவர் கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு குதித்தார். சுவரின் அடியில் குந்தி உட்கார்ந்து மணலை வழித்தார். அரிசி மூட்டையைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. அதற்கு நேரம் இருந்திருக்காது. தூசி அடங்கியபோது முகமும் ஒரு கையும்தான் வெளியே தெரிந்தன.

நான் மண்வெட்டியைத் தூக்கினேன். டிரைவர் ஓடிவந்து அதைப் பிடுங்கி எறிந்தார். "ஹாத் ஸே! மேடம், ஹாத் ஸே!" கையால் என்று அலறினார். மண்வெட்டி அவர்மேல் பட்டால் வெட்டிவிடும். இருவரும் குப்புறப் படுத்துக் கையால் அள்ளினோம். அள்ள அள்ள மேலிருந்து அதே அளவு வழிந்து நிரம்பியது. அவருடைய உதடு நிறம் மாறிக்கொண்டே வந்தது.

"மூச்சு முட்டுது மேடம்."

"பேசாதீங்க அண்ணா. பேசாதீங்க."

பக்கத்துத் தொகுதியில் குழாய் சரிசெய்துகொண்டிருந்த ஆட்கள் பலகைகளோடு வந்தார்கள். பலகையைச் சுற்றிலும் குத்தி, மணலைத் தடுத்து நிறுத்தி, மார்பு வரை விடுவித்தார்கள். அதன் பிறகுதான் அவரால் மூச்சு இழுக்க முடிந்தது. கால்கள் இடுப்புக்குக் கீழே மடிந்து சிக்கியிருந்தன. முழுதாக வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது, மணல் பாதையில் அதனால் வர முடியவில்லை. பலகை ஒன்றில் படுக்க வைத்து ஜீப்பில் ஏற்றினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் என் மணிக்கட்டை இறுக்கினார். காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அங்கே உணர்ச்சி இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருந்தது.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை அலுவலகத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். ஒப்பந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். பேச்சு மரியாதையாக இருந்தது. எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டி, நடந்ததன் சுருக்கம்தான், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அதில் ஒரு வரி இருந்தது. குழி பாதுகாப்பாக இல்லை என்று எச்சரித்தும் தொழிலாளி தன் விருப்பப்படி உள்ளே இறங்கினார் என்று.

படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு முறை படித்தேன். வெளியே வந்து அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

"கண்ணு, கேட்ட எடத்துல போட்டுட்டு வீட்டுக்கு வா. போலீஸ், கேஸுன்னு ஆச்சுன்னா உன் படிப்பு போயிடும். உன் விசா என்கிட்ட, என் விசா என் கம்பெனிகிட்ட. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. புரியுதா?"

புரிந்தது. உள்ளே போய்ப் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. தைரியம் வந்து போகவில்லை. போகாமல் தூங்க முடியவில்லை, அதனால் போனேன். ஆறு படுக்கை உள்ள வார்டில் ஜன்னல் ஓரமாகக் கிடந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல், சிரித்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். உங்களுக்கு அரபி படிக்க வரும்ல? ஃபோர்மேன் இதக் குடுத்துட்டுப் போனாரு. இதுல ஸைன் போட்டாத்தான் ஊருக்கு டிக்கெட்டாம். என்ன எழுதியிருக்குன்னு தெரியல."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே அரபி கட்டாயப் பாடம். என் கையெழுத்தோடு போன அதே வரி அரபியில் இருந்தது. அதற்குக் கீழே, ஆகையால் இதில் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்று அவர் பெயரில் ஒரு வரி. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தமிழும் தெரியாது, அரபியும் தெரியாது. நான் உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

அவர் தாளை வாங்கி மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

"நீங்கதான மேடம் எறங்கச் சொன்னீங்க?"

அதில் கோபம் இல்லை. தன் ஞாபகம் சரிதானா என்று கேட்கிற குரல். மருந்து மயக்கத்தில் ஏதாவது குழம்பிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது.

"ஆமாண்ணா. நான்தான் சொன்னேன். படி வேண்டாம்னதும் நான்தான்."

"அப்ப எனக்கு நல்லாத்தான் ஞாபகம் இருக்கு."

"இதுல ஸைன் போடாதீங்க. நான் போய் மாத்தி எழுதிக் குடுக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேசைமேல் இருந்த என் மண் பைகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எழுது. நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு குழி என்று சொன்னது நான்தான், அதையும் எழுது" என்றார். எழுதினேன். ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றைக் கம்பெனிக்கும் கொடுத்துவிட்டு, வீட்டில் சொன்னேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வார்டுக்குப் போனபோது ஜன்னலோரப் படுக்கையில் வேறு யாரோ இருந்தார். கேரள நர்ஸ் ஒருவர், "அவரு நாட்டுக்குப் போயி" என்றார். ஸ்ட்ரெச்சரில் வைத்து விமானம் ஏற்றினார்களாம். தாளில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. நான் கொடுத்த இரண்டாவது அறிக்கைக்கு ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டுவிட்டதால் விசாரணை முடிந்தது. கலாஸ், அவ்வளவுதான்.

போலீஸ் வரவில்லை. விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காட்டுக்குப் போக எனக்கிருந்த அனுமதியை மட்டும் ரத்து செய்தார்கள். ஆறு குழிகளை வைத்தே ஆய்வேட்டை முடித்தேன். வேருக்குக் கீழே உப்பு கனமாகப் படிந்திருந்தது, அந்த மரங்களில் பல இன்னும் சில வருடங்களில் பட்டுப்போகும் என்பதுதான் முடிவு. வாய்மொழித் தேர்வில் ஒருவர், பத்துக் குழி என்று திட்டமிட்டு ஆறோடு ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர் தாளைப் புரட்டி, அடுத்த அட்டவணையைப் பற்றிக் கேட்டார்.

இப்போது சவூதியில், தம்மாமில் வேலை. கட்டடம் கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்துச் சொல்கிற கம்பெனி. நான் இருக்கிற சைட்டில் படி வெட்டாத குழியில் ஒருவரையும் இறங்க விடுவதில்லை. நேரம் வீணாகிறது என்று ஆட்களே முணுமுணுப்பார்கள். எனக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர்கூட இருக்கிறது என்று கேள்வி.

பெரம்பலூர் அண்ணனின் ஊர் ஃபோன் எண்ணை அந்த ஜீப் டிரைவரிடம் வாங்கி மூன்று தடவை பேசினேன். முதல் தடவை, ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். "எத்தன நாளு மேடம் அங்க படுத்துக் கெடக்கிறது? புள்ளயப் பாத்தாப் போதும்னு ஆயிருச்சு" என்றார். இரண்டாம் தடவை, கோல் ஊன்றி வாசல் வரை நடப்பதாகச் சொன்னார். மூன்றாம் தடவை இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை.

நான்காவது தடவை அவர் மனைவி எடுத்தார்.

"அவரு பேச வேணாங்கிறாருங்க. உங்க மேல கோவம்லாம் இல்ல. உங்ககிட்ட பேசுனா அன்னிக்குப் பூரா தூங்க மாட்டேங்கிறாரு. வேர்த்து வேர்த்து எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். ஆறாவது என்றார். வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.