காய் எடுக்கிறவர்கள் காய் தின்பதில்லை

ஏலக்காய் எடுக்கிறவர்கள் ஏலக்காய் தின்ன மாட்டோம். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நகக்கண்ணில் அதன் பிசின், தலைமுடியில் அதன் வாசம். சோறு பிசைந்தால் சோறும் மணக்கும். கல்யாண வீட்டுப் பாயாசத்தில் ஒரு காய் விழுந்திருந்தால் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் குடிப்போம்.

இது தெரிந்திருந்தும் என் தம்பி விஷயத்தில் எல்லோரும் ஏமாந்தோம்.

தம்பி தோட்டத்து ஜீப் ஓட்டுகிறான். விடியும்போது செக்போஸ்ட் முக்கில் எங்களை ஏற்றுவான். சாயங்காலம் அங்கேயே இறக்குவான். பின்னால் பெண்கள் மடிமேல் மடியாக உட்காருவார்கள். முன்சீட்டு எனக்கு. அக்கா என்பதால் இல்லை, எனக்கு வாந்தி வரும்.

ஒரு சமயம் காலையிலேயே அவன்மேல் ஏலக்காய் வாசம் வர ஆரம்பித்தது. யாரும் சட்டை செய்யவில்லை. காயெடுப்புக் காலம். சாக்குகளை அவன்தான் ஸ்டோருக்கு, அதாவது காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு, கொண்டுபோவான். மூட்டை தூக்குகிறவன் மணக்கத்தான் செய்வான் என்று விட்டுவிட்டோம்.

காயெடுப்பு முடிந்தது. களைவெட்டு வந்தது. ஜீப்பில் சாக்கு இல்லை, ஸ்டோரில் அடுப்பு இல்லை. வாசம் மட்டும் போகவில்லை.

அப்புறம் ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. ஒரு சில்வர் ஓக் மரம் தாங்கியது. ஒருத்தி முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. தம்பி சிரித்தான். எனக்கு அடிபட்டதா என்று பார்க்கக் குனிந்தான். ஏலக்காய்க்கு அடியில் இன்னொரு நெடி இருந்தது. எங்கள் அப்பாவிடம் வந்த நெடி. அப்பா அதோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அவன் சட்டைப்பையில் கையை விட்டேன். காய் இருந்தது. பச்சை நிறம் மாறாத முதல்தரம். கப்பலில் போகிற காய்.

மறுநாள் முக்கில் ஜீப் வந்து நின்றது. நான் ஏறவில்லை. நான் ஏறாததால் மற்றவர்களும் ஏறவில்லை.

"ஏறுக்கா, நேரமாச்சு."

"வாயத் தொற."

"ஏலக்காதான்க்கா. வயித்துக்கு நல்லதுன்னாங்க."

எங்களில் மூத்தவள் ஒருத்தி உண்டு. வாய் கொஞ்சம் நீளம். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"நாங்க பாயாசத்துல கெடக்கதையே பொறுக்கிப் போடுறவளுக. நீ வெறும் வயித்துல திங்கியோ? பெரிய மகராசந்தான்."

யாரோ சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. வெறும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான்.

அன்றைக்குத் தோட்டத்தில் வேலை நின்றது. எங்களுக்குக் கூலி இல்லை. மருந்தடிக்க வந்தவர்கள் களை வெட்டாததால் திரும்பிப் போனார்கள். கங்காணி போன்மேல் போன் போட்டார். ஒருத்தன் குடிக்கிறதற்கு எத்தனை பேர் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். நாடு கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் பேசுவார்கள். எனக்கு நாடு தெரியாது. ஒரு ஜீப் நின்றால் என்னவெல்லாம் நிற்கும் என்று தெரியும்.

முதலாளியே வந்தார். மலையாளத்துக்காரர், எங்களோடு தமிழ்தான் பேசுவார். நாளைக்கும் ஏறாவிட்டால் வடக்கே இருந்து ஆள் இறக்கிவிடுவேன் என்றார். தம்பியை இன்றே நிறுத்திவிட்டேன், வேறு டிரைவர் வருவான், ஏறுங்கள் என்றார்.

அதுதான் எனக்குப் பயம். வேலையும் போனால் அவன் முழுதாகக் குடியில் விழுவான். அப்பா அப்படித்தான் விழுந்தார்.

"ஜீப்ப அவங்கிட்ட இருந்து வாங்குங்கய்யா. வேலைய வாங்காதீங்க" என்றேன். "ஆசுபத்திரிக்குப் போயிட்டு வரட்டும். வந்து அவன் வண்டியில நாங்க ஏறலேன்னா அப்புறம் நிறுத்துங்க."

முதலாளி மற்றவர்களைப் பார்த்தார். முழங்கை உரிந்தவள் தலையாட்டினாள். அவள் ஆட்டியபிறகு எல்லோரும் ஆட்டினார்கள். அவர் சரி என்றார்.

தம்பியை அரசு ஆசுபத்திரியில் குடி நிறுத்துகிற வார்டில் சேர்த்தோம். முதலில் கை நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான். எறும்பு இல்லை. என்னைக் கெட்ட வார்த்தை சொன்னான். அவன் பெண்டாட்டி கஞ்சி ஊட்டினாள், துப்பினான், மறுபடி ஊட்டினாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தேன். ஒரு ஞாயிறு அவனே டம்ளரைப் பிடித்துக் குடித்தான். தண்ணீர் சிந்தவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்ததும் ஸ்டோரில் விறகு தூக்கினான். ஜீப்பைக் கேட்கவில்லை. மழை விட்டு மறுபடி காயெடுப்பு தொடங்கியபோது கங்காணி சாவியைக் கொடுத்தார்.

முக்கில் ஜீப் வந்தது. இறங்கி என்முன் நின்றான். நான் கேட்கவில்லை. அவனே வாயைத் திறந்து ஊதினான்.

"என்னத்தா மணக்குது?" என்றாள் மூத்தவள்.

"பூண்டு" என்றேன்.

"அட, சீரழிஞ்ச பயலே. பல்லு வெளக்கிட்டு வரக்கூடாதா?"

முக்கே சிரித்தது. தம்பியும் சிரித்தான். முழங்கை உரிந்தவள்தான் முதலில் ஏறினாள். வளைவில் அந்தச் சில்வர் ஓக்கைத் தாண்டும்போது எல்லோர் கையும் கம்பியைப் பிடித்திருந்தது. தாண்டியதும் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

இப்போது முக்கில் நிற்கிற எல்லா ஜீப்பிலும் இது வழக்கம். டிரைவர் ஊதிக் காட்டாமல் பெண்கள் படியில் கால் வைக்க மாட்டார்கள். புதிதாக வந்த டிரைவர் ஒருத்தர், நீங்க என்ன போலீசா என்று கேட்டார். போலீசு ரோட்டுலதான் நிக்கும், நாங்க உன் வண்டிக்குள்ள உக்காருறவளுக என்றாள் மூத்தவள். ஊதினார்.

போன மாதம் தம்பி மகளுக்குச் சடங்கு. பந்தியில் நான்தான் பாயாசம் ஊற்றினேன். தம்பி இலையில் ஒரு காய் விழுந்தது. ஊரோடு பேசிக்கொண்டே விரலால் எடுத்து இலை ஓரத்தில் ஒதுக்கினான்.

இன்னொரு கரண்டி ஊற்றினேன்.