ஸ்டெப்னி பாட்டில்

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவர் அவர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. காலமெல்லாம் அதன் மேலேயே பாதத்தை வைத்திருந்ததால், அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது. சினிமாவில் கார் வேகமாகப் போனால்கூட முன்சீட்டுக்காரரின் முதுகில் ஒரு மிதி விழும். மனைவி ஓட்டும் சொந்த வண்டியில், அவர் பக்கத்து மிதியடியில் குதிகால் அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் 'பிரேக்கு'தான்.

அப்படிப்பட்ட மனிதர் மாடிப்படிக்குக் கீழே, செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு பாட்டிலைப் படுக்கவைத்திருந்தார். பிரான்சின் பர்கண்டிப் பக்கத்துச் சிவப்பு வைன். கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் சேர்ந்து வாங்கியது. "இருபது வருஷம் தொடாதீங்க, அப்புறம் பாருங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இருபது வருஷம் ஓடியது. மகள் படிப்பை முடித்தபோது திறக்கலாம் என்றார் மனைவி. "அவ கல்யாணத்துக்கு வச்சுக்கலாமே" என்றார் இவர். கல்யாணமும் ஆயிற்று. பேரன் பிறக்கட்டும் என்றார். பேரன் இப்போது மூன்று சக்கர சைக்கிளில் வீட்டைச் சுற்றி வருகிறான். பாட்டில் அதே இடத்தில் படுத்திருந்தது.

பழைய பிரெஞ்சு வைனில் பைத்தியமான ஒரு சின்னக் கூட்டம் இவர்களுக்கு உண்டு. பல் டாக்டர், பூக்கடைக்காரி, ஓய்வுபெற்ற பூகோள டீச்சர், அப்புறம் இவர்கள் இரண்டு பேர். அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் விருந்து. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் வரவேண்டும். பத்து வருஷத்துக்குக் குறைந்தது செல்லாது. லேபிள் எழுத்தைப் பார்த்து யாரும் மயங்கிவிடக்கூடாது என்பதற்காகப் பாட்டிலுக்கு ஒரு காலுறை மாட்டிவிடுவார்கள். எது யாருடையது என்று கடைசி வரைக்கும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. காலுறையைக் கழற்றுகிற நேரத்தில்தான் சிரிப்பும் சண்டையும்.

போன விருந்தில் பூக்கடைக்காரி கொண்டுவந்தது, இவர் வைத்திருந்த அதே வருஷத்துப் பர்கண்டி. திறந்தால் வெறும் புளிச்ச காடி. "செத்துப் போச்சு" என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கம் சரியில்லை. தன்னுடையதும் செத்திருக்குமோ? திறந்தால் தெரிந்துவிடும். திறக்காத வரைக்கும் அது உயிரோடுதானே இருக்கிறது!

இதற்கு முன் இரண்டு தடவை அந்தப் பாட்டிலை விருந்துக்குக் கொண்டுபோய், திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். கூடவே ஒரு சுமாரான போர்தோ வைனையும் எடுத்துப் போவார். கடைசி நிமிஷத்தில் மனசு மாறினால் அதைக் கொடுத்துவிடலாம். மனைவி அதற்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்திருந்தார்.

இன்றைக்கும் அதே கதைதான். அடியில் வண்டல் படியட்டும் என்று பாட்டிலை இரண்டு நாளாக நிமிர்த்தி வைத்திருந்தார். இப்போது காரில் அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவே கைக்குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பள்ளம்! பள்ளம்! மெதுவா!"

"ஏங்க, அது பள்ளமில்ல, நிழலு."

"நிழலுக்கும் மெதுவாப் போனா என்ன?"

"ஸ்டெப்னிய மாட்டி ஓட்டிட்டு, நல்ல டயரை மடியில தூக்கிட்டுத் திரியற ஒரே ஆளு நீங்கதான். இன்னிக்காவது திறப்பீங்களா?"

"பாக்கலாம்."

"பாத்துட்டுத்தானே இருக்கோம், இத்தனை வருஷமா."

டாக்டர் வீட்டில் சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. வாசலிலேயே ஆட்டுக்கறி அடுப்பில் வேகும் மணம் மூக்கைத் துளைத்தது. பூக்கடைக்காரி குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் லில்லி வாசத்தோடு வந்தால் மேசையில் இடம் கிடையாது என்பது அவளுக்கு மட்டுமான விதி.

பிரேக்கு யாரும் பார்க்காத நேரமாகச் சமையலறைக்குள் போனார். ஸ்டெப்னியை மற்ற பாட்டில்களோடு நிறுத்தினார். பழையதை, மாட்டிவந்த காலுறையோடு, கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை மூலையில், ரொட்டிக் கூடைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்துகொண்டார். அவர் கண் அடிக்கடி ரொட்டிக் கூடைப் பக்கம் போய் வந்ததைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"இந்தா, உள்ள மூலையில ரொட்டிக் கூடை இருக்கும் பாரு. எடுத்துட்டு வாயேன்" என்றார் பூக்கடைக்காரியிடம், கைக்குட்டையை மடித்துக்கொண்டே.

கூடையை எடுக்கப் போனவள் உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள். "டீச்சரம்மா! இங்க ஒண்ணு ஒளிஞ்சு நிக்குது!"

டீச்சர் மற்றப் பாட்டில்களைப் போலவே அதற்கும் ஒரு எண் சீட்டைக் கட்டி, எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தார். டாக்டர் எண்ணிப் பார்த்தார். "நாலு வீடு, அஞ்சு பாட்டில். எந்தப் புண்ணியவானோ ரெண்டு கொண்டுவந்திருக்காரு!"

"யாருன்னு கேக்கக்கூடாது" என்றார் டீச்சர் கண்டிப்பாக.

பிரேக்கு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். 'அது என்னுது, கொடுங்க' என்று சொன்னால் விதி மீறல். சொல்லாவிட்டாலோ, தக்கை போய்விடும்.

முதல் பாட்டில் நன்றாக இருந்தது. இரண்டாவதில் எல்லாரும் "அடடா!" என்றார்கள். மூன்றாவதைக் குடித்துவிட்டு டீச்சர் வழக்கம்போல, திராட்சை விளைந்தது ஆற்றுக்குத் தென்கரை என்றார். வழக்கம்போல ஒருவரும் நம்பவில்லை. நான்காவதாக ஸ்டெப்னி வந்தது, போனது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேக்குக்கு எதுவும் நாக்கில் ஒட்டவில்லை. ஐந்தாவது பாட்டிலின் சரிந்த தோளைக் காலுறைக்கு மேலாகப் பார்த்தபடியே இருந்தார்.

டாக்டர் அதன் கழுத்தைப் பிடித்தார்.

மேசைக்கு அடியில் டமாரென்று ஒரு மிதி. கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் கிணுகிணுத்தன.

"என்னய்யா பிரேக்கு, யாரு குறுக்க வந்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பிரேக்கு வாயைத் திறந்தார். நிறுத்துங்க என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"மெதுவா டாக்டர். தக்கை பழசா இருக்கும்."

பழசுதான். பாதியில் முறிந்தது. "வேரு உள்ள நிக்குது" என்று டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "யாரும் மூச்சு விடாதீங்க." தக்கைத் திருகியை மறுபடியும் சாய்வாக இறக்கி, ஆடாமல் அசையாமல், மிச்சத்தையும் எடுத்துவிட்டார். டீச்சர் போன் விளக்கைக் கழுத்துக்குப் பின்னால் பிடிக்க, வண்டல் எழும்பாமல் நூலாக ஊற்றினார். நிறம் நன்றாக வெளுத்து, ஓரத்தில் செங்கல் போல இருந்தது.

பூக்கடைக்காரிதான் முதலில் முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். "ரொம்ப நாளாப் பூட்டி வச்ச அலமாரி மாதிரி இருக்கே."

"இதுவும் போயிடுச்சு போல" என்று டீச்சர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

கொட்டிவிடலாமா என்று டாக்டர் கிண்ணத்தை இழுத்தார்.

"கொட்டாதீங்க!" பிரேக்கு போட்ட சத்தத்தில் அவரே திடுக்கிட்டார். "கொஞ்சம் இருக்கட்டுமே. உள்ளயே கிடந்ததுதானே... காத்து படட்டும்."

கறி வந்தது. காளான் வந்தது. பேச்சு எங்கெங்கோ போனது. பிரேக்கு ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தூளாக்கிக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரி ஏதோ நினைப்பில் கோப்பையை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே! எல்லாரும் பேச்சை நிறுத்துங்க! அத எடுங்க, மோந்து பாருங்க!"

எல்லாரும் எடுத்தார்கள்.

"விக்காத ரோஜாவைப் பையில கட்டிப் போட்டுட்டு, மறுநாள் காலையில அவுப்போம் பாருங்க... அந்த வாசம்! அதுதான்! அதேதான்!"

"ஆமாம்மா! அதுக்கு அடியில ஈர மண்ணு!" டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார்.

டாக்டர் ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை மட்டும் ஆட்டினார். விழுங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. "யோவ்! எங்கய்யா இருந்துச்சு இது இவ்வளவு நாளா!"

செருப்புப் பெட்டிக்குப் பின்னால் என்று பிரேக்கு சொல்லவில்லை. சொல்லவும் முடியாது; வாயில் வைன் இருந்தது. மெலிதாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகும் அது போகாமல் நின்றது. இனிப்பா, புளிப்பா, புகையா என்று பிடிபடுவதற்குள் ஒன்று இன்னொன்றாகிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. சிரிக்கவும் செய்தார்.

"சீக்கிரம் குடிங்க. இவ்வளவு பழசு காத்துல ரொம்ப நேரம் நிக்காது" என்றார் டீச்சர்.

அப்போதுதான் மனைவியின் முன்னால் இருந்த கோப்பை பிரேக்கு கண்ணில் பட்டது. வண்டி ஓட்டவேண்டுமே என்று மனைவி எல்லாவற்றிலும் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மூக்கிலேயே விருந்தை முடித்திருந்தார். இதையும் அப்படியே தள்ளிவைக்கப் போனார்.

பிரேக்கு மேசையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "வண்டி இங்கயே கிடக்கட்டும். காலையில வந்து எடுத்துக்கறேன்." பிறகு மனைவியின் கோப்பையை அவர் பக்கமே நகர்த்தினார். "நீயும் சேந்துதானே வாங்கின. குடி."

காலுறை கழற்றும் வேலையே மிச்சமில்லை. "அட, புண்ணியவான் நீதானா!" என்று டாக்டர் அவர் முதுகில் ஓங்கி அறைந்தார். மனைவி எதையும் காதில் வாங்காமல், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் மெல்ல மெல்லக் குடித்தார்.

தெருவில் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் நடந்தார்கள். காலி பாட்டில் அவர் கக்கத்தில் இருந்தது. ரோஜாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மண்ணைப் பற்றியும் பேசினார். மறுபடியும் ரோஜாவுக்கே வந்தார்.

"நல்லவேளை, அந்தப் பொண்ணு கூடையை எடுக்கப் போச்சு. இல்லன்னா இன்னிக்கும் திருப்பித்தான் கொண்டுவந்திருப்பேன்."

"அவளா போனா?" என்றார் மனைவி, முன்னால் பார்த்துக்கொண்டே.

அவர் அப்படியே நின்றுவிட்டார். "அடிப்பாவி!"

"நடுத்தெருவுல என்ன பிரேக்கு? வாங்க."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டே எட்டில் மனைவியைத் தாண்டி, முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

"மெதுவாங்க!" என்றார் மனைவி.