ராக்கன் மச்சானின் கறுப்புப் புள்ளி

என் அக்கா புருஷன் ராக்கனைப் போல வாய் கொண்ட மனிதனைக் குன்றாண்டார்கோவில் வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. ஆட்டைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், பெண் கொடுத்த பாவத்துக்கு என்னையும் திட்டுவார். அறுத்த வயல்களில் உரத்துக்காகச் செம்மறிகளை அடைத்து, கிடை போட்டே வாழ்ந்தவர். நாலு பேருடைய ஆடுகள் ஒரே வயலில் கலந்து கிடக்கும் என்பதால் ஆளுக்கொரு சாயம், மச்சானுடையது நீலம். ஆடுகளின் முதுகில் அதை அவர்தான் வைப்பார். சாயச் சட்டியை அக்காளைக்கூடத் தொட விடமாட்டார்.

போன வருஷம் குட்டிகளுக்குக் குழை வெட்ட வாகை மரத்தில் ஏறினார். கிளை முறிந்தது. விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. அந்தப் பாழாய்ப்போன மரம் இன்றைக்கும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். என் வேனில்தான் கூட்டிப்போனேன். டாக்டர் ஜெனிபருக்கு ஆவூர்ப் பக்கம். நம்ம பேச்சிலேயே விளக்கினார்.

"ஒங்க இடுப்பெலும்புலேருந்து செல் எடுத்து, வளத்து, அடிபட்ட எடத்துல ஊசி வழியா வைப்போங்க. உள்ள போனது எங்கிட்டுப் போகுதுன்னு தெரியணும்ல? அதுக்குத்தான் அந்த செல்லுக்குள்ள துளியூண்டு இரும்புத் தூளை ஏத்திருவோம். ஸ்கேன்ல கறுப்பாத் தெரியும். ஆனா அய்யா, இது சோதனைதான். நடப்பீங்கன்னு நான் வாக்குக் குடுக்கல."

"சாயம் வக்கிறீங்க," என்றார் மச்சான். "வைங்க, வைங்க."

ஊசி போட்ட பிறகு எடுத்த ஸ்கேனில் முதுகுத் தண்டில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அக்கா சொர்ணம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மூலையில் குங்குமமும் வைத்துவிட்டாள். விடிந்ததும் அதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அடுத்த ஸ்கேனிலும் அதே இடத்தில் புள்ளி.

"பாத்தியாடா தம்பி, நகரவே இல்ல. அங்கனயே இருந்து வேலை பாக்குது," என்றாள். ஆடுகளை விற்றுவிடச் சொன்னவர்களையெல்லாம் விரட்டினாள். "அவுக எந்திரிச்சு வந்து, எங்கடி என் ஆடுன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

மச்சானின் கால் மட்டும் அசையவில்லை. "ஆடு நிக்கிது மாப்ள, மேயத்தான் காணோம்," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

தை மாதத்தில் ஒரு நாள் அந்தி நேரம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டியில் அக்கா தானே சாயம் கலந்து குட்டிகளுக்கு வைத்தாள். அது காய்வதற்குள்ளேயே, ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்துவிட்டன. காலையில் பார்த்தால் இரண்டு குட்டிகளைக் காணவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மச்சான் சக்கர நாற்காலியில் வாசலில் இருந்தார். எதிரே ரோட்டோரம் ஒரு நாய் வயிறு புடைக்கப் படுத்திருந்தது. அதன் வாயெல்லாம் நீலம். அதையே வெறித்துக்கொண்டிருந்த மச்சானிடமிருந்து ஒரு வசவுகூட வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது, அக்காளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மச்சான் டாக்டரிடம் கேட்டார்.

"புள்ளி இருக்காம்மா?"

"இருக்குங்க அய்யா."

"ஆட்டத் தின்னா நாய் வாயிலயும் சாயம் ஒட்டும். நீங்க பாக்குற புள்ளி ஆடா, நாயா?"

டாக்டர் திரையிலிருந்து திரும்பினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செத்த செல்லைத் தின்னு சுத்தம் பண்ற செல்லு ஒடம்புலயே இருக்குங்க அய்யா. இரும்பு அதுக்குள்ள போயிரும். அதுவும் இப்படிக் கறுப்பாத்தான் தெரியும். ஸ்கேனை மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இம்புட்டு நாளாக் காலு கொஞ்சங்கூட மாறல. நாம வச்சது உசுரோட இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

"சரிம்மா. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றார் மச்சான்.

வேனில் ஏறியதும் அக்கா புதுப் படத்தை ஜன்னலில் பிடித்தாள். "இருக்குங்க! இன்னும் அங்கனயே இருக்கு!"

மச்சான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "இருக்குல்ல, பெறகென்ன," என்றார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்து, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் சாயச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அக்காளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிச்சமிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தவர், நீலம் வழிந்த கையைத் தன் முழங்காலில் அழுத்தினார்.

"அடக் கூத்தே, அதென்ன ஆடா?" என்று அக்கா சிரித்தாள்.

"தொலஞ்சு போனா அடையாளம் வேணும்ல."

அக்கா சிரித்துக்கொண்டே துணியை நனைத்துவந்து முழங்காலை அழுத்தித் தேய்த்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சானுக்கு அது தெரியவே இல்லை.