தொதல் பதத்தில் ஒரு ஜாம்

வெம்பிளிக் கடையில் பிளாக்பெரியைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். மூடியைத் திறந்தேன். நோர்பரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதையோரம் கிடந்த முட்பற்றையின் மணம். அந்தப் பற்றையை வெட்டிவிட்டு இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

எண்பதுகளின் கடைசி. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அப்பாவின் அகதி வழக்கு முடியவில்லை. எந்த நாளும் திருப்பி அனுப்பலாம் என்றார்கள். அந்த வருடம் பார்த்துத்தான் அம்மா, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியின் பேச்சைக் கேட்டு, மாரிக் குளிருக்கென்று ஜாம் காய்ச்சினார். கையெல்லாம் முள் கீறி, நகமெல்லாம் ஊதாவாகி, பழத்தையும் சீனியையும் சட்டியில் போட்டு, ஊரில் தேங்காய்ப்பாலும் மாவும் சேர்த்துத் தொதல் கிண்டுவதுபோல எண்ணெய் பிரியட்டும் என்று பின்னேரம் முழுக்கக் கிண்டிக்கொண்டே நின்றார். ஜாமில் ஏது எண்ணெய்?

“மாரிக்கு இஞ்ச இருப்பமோ எண்டே தெரியேல்லை. உமக்கென்ன விசரே?” என்றார் அப்பா.

“இருந்தால் பாணில பூசுவம். அனுப்பினால் கொண்டுபோவம். நீங்கள் போத்திலைக் கழுவுங்கோ.”

அப்பா கழுவினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போகிறோமா, இருக்கிறோமா? பள்ளிக்கூடத்துச் சிநேகிதிக்கு நான் என்ன சொல்வது? இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு பதிலாவது சொல்லியிருக்கலாம்.

மாரி வந்தது. வழக்கின் பதில் வரவில்லை. ஜாம் கல்லாகிக் கிடந்தது. சுடுதண்ணியில் வைத்து, கத்தியால் கிளறி, துண்டு துண்டாகத் தேத்தண்ணியோடு கடித்தோம்.

“வாற வருசம் கொஞ்சம் இளக்கமாய் இறக்குவம்” என்றார் அம்மா.

இந்த முறை, சொல்லாமலே அப்பா காலிப் போத்திலைக் கழுவி வைத்தார்.