அத்தானும் கைக் கிளட்சும்

என் அக்காவின் கணவர் எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். மறைமலை நகரில் ஊர்தி உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். தேறியவை ஒரு பக்கம், தேறாதவை ஒரு பக்கம் என்று பிரித்துப் பழகிய கண், ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பின்னும் அப்படியே இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் நாற்காலியின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அக்கா தட்டில் வைக்கும் இட்லியும் அந்தச் சோதனைக்குத் தப்பாது.

"அடியில என்ன முத்திரையா குத்தியிருக்கு?" என்பாள் அக்கா.

"இருந்தா நல்லா இருக்கும்" என்பார் அத்தான்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கியது ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்புறம் ஜீப்பின் முகம். பின்புறம் மரப்பலகை பதித்த திறந்த தொட்டி. படப்பைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையின் பின்னால், முட்செடி எஞ்சினுக்குள் புகுந்து முன் சல்லடை வழியே தலை நீட்டிய நிலையில் அது கிடந்தது. அதை லாரியில் ஏற்றிப் பெருங்களத்தூர் வீட்டுக்குக் கொண்டு வந்து, பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் இறக்கினார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ, ஓர் ஆணி மாறாமல் அப்படியே ஆக்கி அதை ஓட்ட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

வேலை தொடங்குமுன் அவருடைய இடப்பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை நோய் அதை ஆறவிடவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கும்படி ஆயிற்று. செயற்கைக் காலுடன் நடக்கப் பழகினார். படி ஏறப் பழகினார். கோயிலில் ஞானப்பாட்டுக்கு எழுந்து நிற்கவும் பழகினார். கிளட்ச் மட்டும் அந்தக் காலுக்கு வசப்படவில்லை. மிதித்துவிடலாம். ஆனால் மெல்ல விடும்போது எந்த இடத்தில் எஞ்சின் சக்கரத்தைப் பற்றுகிறது என்பதைப் பாதம் உணர வேண்டும். அந்தப் பாதம் இல்லை. அவர் தம் பழைய காரை விற்றுவிட்டு, ஓட்டுநர் உரிமத்தை அலமாரியில் வைத்தார். அதைப் பற்றி அவர் புலம்பியதே இல்லை. அக்காவைக் கவலைப்படுத்தியது அந்த அமைதிதான்.

கியர் மாற்றும் தேவையே இல்லாத புதிய கார் ஒன்றை வாங்கித் தருவதாகச் சிறுசேரியில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் சொன்னாள். "அது வண்டி இல்லம்மா, கிரைண்டர்" என்று அத்தான் மறுத்துவிட்டார்.

பின்னர் ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "மச்சான், சனிக்கிழமை வந்துருங்க. வண்டியப் பிரிப்போம்."

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். ஸ்குரூ டிரைவருக்கும் எனக்கும் அதுவரை பழக்கமில்லை. எனினும் சென்றேன். இரும்புலியூரில் சிறிய பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து வேலை செய்ய இசைந்தார். அத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் டார்ச்சுடன் அமர்ந்திருப்பார். மெக்கானிக் கழற்றுவார், நான் மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பேன், அத்தான் கவிழ்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் மண்ணெண்ணெய் வாடையோடு ஒரு நிறைவும் சேர்ந்தே வருகிறது. கதவின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டிய அன்று, நீலத்தின் கீழே காவியும் காவியின் கீழே மஞ்சளும் அதன் அடியில் வெளிர்ப் பச்சையும் தோன்றின. "இதுதான் கம்பெனி கலர்" என்று அத்தான் விரலால் தொட்டுச் சொன்னார். கதவுக் கைப்பிடி ஒன்றுக்காகப் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளில் நானும் அவரும் வெயில் முழுவதும் அலைந்தோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப்போட, அத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். "சார், பொண்ணு பாக்க வந்தீங்களா, கைப்பிடி பாக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். கடைசியில் கிடைத்த கைப்பிடியை வீடு வரும்வரை அத்தான் பைக்குள் போடவே இல்லை. மின்ரயிலில் கையிலேயே வைத்திருந்தார்.

எஞ்சின் மீண்டும் உயிர்பெற்ற நாளில் அக்கா கொட்டகை வாயிலில் வந்து நின்றாள்.

"எல்லாம் சரி. இதை யார் ஓட்டப்போறா?"

"மச்சான் ஓட்டுவார்" என்றார் அத்தான்.

"அவனா? ஸ்கூட்டர்லயே ரெண்டு காலையும் தரையில தேச்சுக்கிட்டுப் போறவன்."

அவள் சொன்னது உண்மை. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அக்கா அத்துடன் விடவில்லை. எங்கள் கோயிலுக்கு வரும் ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு வருவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா நேராக அவருடைய காரிடம் சென்று, கண்ணாடியில் மூக்கு படியப் பார்த்து, அவரையே விளக்கவும் வைத்தாள். கியர்க் கம்பியின் தலையில் மிதிவண்டி பிரேக்கைப் போல ஒரு பிடி. அதை அழுத்தினால் கிளட்ச் இறங்கும், விட்டால் ஏறும். இடக்காலின் வேலையை இடக்கையே பார்த்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை அக்கா அதைச் சொன்னதும் அத்தான் கியர்க் கம்பியைப் பார்த்தார். மேல்நோக்கி வளைந்து, உச்சியில் கறுப்புக் குமிழுடன் நின்ற நீண்ட கம்பி. அதில் பிடியைப் பொருத்த வேண்டுமானால் கம்பியை வெட்டிக் குறுக்கித் துளையிட வேண்டும்.

"முடியாது" என்றார். "எனக்காக ஒரிஜினல வெட்டக் கூடாது. வண்டி வண்டியா இருக்கட்டும். நான் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன்."

"இன்னா சார் நீங்க?" என்றார் மெக்கானிக். "சோறாக்கி வெச்சிட்டு வாசனை மட்டும் புடிக்கிறேங்கிறீங்க."

அத்தான் அசையவில்லை. பேச்சு அன்று அவ்வளவில் நின்றது.

பேச்சை மீண்டும் தொடங்கியது வண்டியே எனலாம். ஓட்டுநர் தரையில் இறுகியிருந்த தாரையும் மண்ணையும் மெக்கானிக் உளியால் பெயர்த்துக்கொண்டிருந்தார். மிதிகள் மூன்றும் வெளிப்பட்டன. ஒவ்வொன்றின் மேலும் தடித்த இரும்புக் கட்டை ஒன்று பற்றவைக்கப்பட்டு, வழுக்காமலிருக்க டயர் ரப்பர் ஆணியால் அறையப்பட்டிருந்தது. இருக்கையின் சட்டத்திலும் முன்புறமாகப் புதிய துளைகள் இருந்தன.

"குள்ள டிரைவர் ஒர்த்தன் இருந்துகீறான் சார்" என்றார் மெக்கானிக். "கால் எட்டல. பெடலயே மேல தூக்கிக்கினான்."

அத்தான் டார்ச்சை அடித்துப் பார்த்தார். "கம்பெனி வேலை இல்ல. அறுத்து எடுத்துரு."

மெக்கானிக் அறுக்கும் இயந்திரத்தைக் கையில் எடுத்தார். தேநீருடன் வந்த அக்கா தட்டைப் பானெட்டின் மீது வைத்தாள். வைத்த ஓசையிலேயே மெக்கானிக் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"முகம் தெரியாத ஒரு குள்ளனுக்கு இந்த வண்டி இடம் குடுத்திருக்கு. ராத்திரி பகலா அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற மனுஷனுக்குக் குடுக்காதா? எனக்கு ஒண்ணு சொல்லுங்க. தேறாதுன்னு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கிறது எதை? அந்தக் கம்பியையா, உங்களையா?" என்று அத்தானைக் கேட்டாள் அக்கா.

 அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைப் பற்றிக்கொண்டு குனிந்து, கிளட்ச் மிதியின் ரப்பரைத் தடவினார். அதன் வலது ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எவரோ ஒருவர் எத்தனையோ காலம் அந்த ஓரத்தில் காலை வைத்து இந்த வண்டியை ஓட்டியிருக்கிறார். அத்தான் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தேநீரை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"கம்பிய எங்க வெட்டுவ?"

"இங்க சார்."

"அளவு எடுக்காம வெட்டினா உன் கைய வெட்டிருவேன்."

அக்கா உள்ளே போனாள். அன்று மதியம் வறுத்த மீனில் பெரிய துண்டு மெக்கானிக்கின் தட்டில் விழுந்தது.

முதல் முயற்சி பயன்படவில்லை. மெக்கானிக் பிடியிலிருந்து கிளட்ச் வரை தடித்த கேபிள் ஒன்றை இழுத்துக் கட்டினார். கோயில் திடலில் போதகரிடம் சொல்லிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். பிடி கல்லைப் போல் கனத்தது. சில முறை கியர் மாற்றுவதற்குள் அத்தானின் முன்கை நடுங்கத் தொடங்கியது; வண்டி குலுங்கி நின்றது. அவர் கையை உதறிக்கொண்டு, "பெயில்" என்றார்.

"சார் பெயில் இல்ல, ஸ்பிரிங்கு பெயில்" என்று மெக்கானிக் சமாளித்தார். "என் கணக்கு தப்பாப் பூட்ச்சு. வேற வழி கீது."

எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டே கிளட்சை இழுக்கும் இரும்புக் குடுவை ஒன்றை, உடைத்துப் போட்ட வேனிலிருந்து அவர் வாங்கி வந்து பொருத்தினார். பிடியை விரல்களால் தொட்டால் போதும். மீதியை எஞ்சின் பார்த்துக்கொண்டது. அதன் பிறகு ஞாயிறு மாலைகளில் கோயில் திடலில் அத்தான் வட்டமடித்தார். பாதம் அறிந்திருந்ததை உள்ளங்கை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வண்டி தவளையைப் போலத் தாவிற்று, பிறகு தாவல் குறைந்தது, பிறகு நின்றது.

மாற்றத்துக்கு முறைப்படி விண்ணப்பித்து, போக்குவரத்து அலுவலகத்தின் ஆய்வுக்குச் சென்றோம். வண்டியை மெக்கானிக் ஓட்டி வந்தார்; அக்காவும் உடன் வந்தாள். ஆய்வாளர் ஓர் இளம்பெண். வெளிர்ப் பச்சை வண்டியைச் சுற்றிவந்து, மரத் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "சூப்பரா வச்சிருக்கீங்க சார்" என்றார். கிளட்ச் பிடியை அழுத்திப் பார்த்தார். நிறைவடைந்தவராகப் பேனாவைத் திறந்தார்.

அப்போது அத்தான் வாய் திறந்தார்.

"மேடம், அந்தப் பிடிய மாட்டியிருக்கிற இரும்புப் பின்னுல லேசா ஆட்டம் இருக்கு. காலையிலதான் கவனிச்சேன்."

ஆய்வாளர் நிமிர்ந்தார். "ஓட்ட முடியாத அளவுக்கா சார்?"

"ஓட்டலாம். ஆனா கம்பெனியில இருந்தா நான் இதைத் தேத்தியிருக்க மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். "நீங்களே தேத்தலன்னா நான் எப்படி சார் தேத்துறது? சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க."

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யக்கா, மாதா கோயில்ல கேக்க வேண்டிய பாவ மன்னிப்ப இவரு இன்ஸ்பெக்டராண்ட கேட்டுகினு கீறாரு!"

திரும்பும் வழியில் பெரிய சாலையின் நெரிசலில் வண்டி ஊர்ந்து தாம்பரத்தைக் கடந்தபோது அக்கா கேட்டாள்.

"எல்லாத்துலயும் ஆட்டம் கண்டுபிடிக்கறீங்களே, என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு மட்டும் எப்படி வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"அன்னைக்கு டார்ச் கொண்டு வரல."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு கணம் தடம் மாறிற்று. அக்கா முகத்தை வெளிப்புறமாகத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பிடியைத் தாங்கும் புதிய இரும்புப் பின் கடைந்து போடப்பட்டது. அத்தான் அதை ஆட்டிப் பார்த்து, மறுபடி ஆட்டிப் பார்த்து, "தேறும்" என்றார். அடுத்த வாரம் ஆய்வும் முடிந்தது. ஓட்டுநர் தேர்வுக்கு அழைப்பு வந்த நாளில் நானும் அக்காவும் தேர்வுத் திடலின் கயிற்றுக்கு வெளியே நின்றோம். வளைவுகளை அவர் எளிதாகக் கடந்தார். பின்புறமாக ஓட்டி நிறுத்துவதிலும் தடையில்லை. எஞ்சியது மேடு. ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் எடுக்க வேண்டும்.

வண்டி மேட்டில் நின்றது. வலக்கால் பிரேக்கை விட்டு முடுக்கிக்கு நகர வேண்டிய அந்தக் கணத்தில் எல்லாம் இடக்கையின் பொறுப்பு. சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டது. அக்கா என் மணிக்கட்டைப் பற்றினாள். எஞ்சினின் குரல் தாழ்ந்தது. பானெட் சற்றே நடுங்கிற்று. கிளட்ச் பற்றிக்கொள்ளும் இடத்தை உள்ளங்கை கண்டுகொண்டது. உருண்ட சக்கரம் நின்று, நிதானமாக மேலேறியது. 

"ஏறிட்டார்" என்றாள் அக்கா, எனக்குத் தெரியாதது போல.

புதிய உரிமம் அஞ்சலில் வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை, மூவரும் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்து தாம்பரம் சந்தைக்குப் போனோம். அக்கா மீனும் கீரையும் வாங்கினாள். கூடைகளைப் பின்தொட்டியில் வைத்தேன். திரும்பும்போது அத்தானின் இடக்கை கியர்க் கம்பியின் மீது இலேசாகப் படிந்திருந்தது. பேருந்துகளும் லாரிகளும் ஒலியெழுப்பிக்கொண்டு முந்திச் சென்றன. அவர் தம் வேகத்தில் போனார்.

எங்கள் தெருவின் திருப்பம் கண்ணில் பட்டது.

"என்னங்க, நம்ம தெரு வந்திருச்சு" என்றாள் அக்கா.

அவர் பிடியை அழுத்தினார். வேகம் குறையுமென்று எதிர்பார்த்தேன். கியர் மேலே ஏறியது. தெரு எங்களைக் கடந்து பின்னால் போயிற்று.

"பின்னால மீன் இருக்கு!"

"அதுவும் கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

"எதுவரைக்கும் போறதா உத்தேசம்?"

"தெரியல" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு விடையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன். வண்டலூர் தாண்டியதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.