பீரோவில் பூட்டிய இனிப்பு

பெரியம்மா ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் பெட்டி நிறைய இனிப்பு மாவுப் பாக்கெட்டுகளைக் கொண்டுவருவார். எல்லாம் தானே அரைத்துச் செய்வதாகப் பீற்றிக்கொள்வதால், அவற்றைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்து பீரோவைப் பூட்டிவிடுவார். வாழ்நாளில் அவர் சம்பாதித்தது கைமணக்காரி என்ற பெயர் ஒன்றுதான். அதுவும் பாக்கெட் போட்ட பிச்சை.

மகளின் மாமியார், புதுச் சம்பந்தி, விருந்துக்கு வந்தார். கிண்ணத்திலிருந்த இனிப்பை ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தார்.

“என்னங்க இது, ஒரு மாதிரி வாசனை?”

“அது எங்க ஊரு ஏலக்காய், சம்பந்தி. இங்கல்லாம் கிடைக்காது.”

பரிமாறக் குனிந்த பெரியம்மாவின் புடவையைச் சம்பந்தி முகர்ந்து பார்த்தார்.

“புடவைக்கும் அதே ஏலக்காய்தானா? அந்துருண்டை மாதிரில்ல இருக்கு!”

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பெரியப்பாவோ பெருமையாக இரண்டாவது கிண்ணத்தை நீட்டினார்.

“இவ கைமணமே அதுதாங்க. முப்பது வருஷமா மாறவே இல்ல.”